சுகர், பிரஷர் இருந்தால் கப்பலுக்குப் போக முடியுமா? மும்பைக்கு மெடிக்கலுக்கு வருகிறவர்களுக்கு

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஊரிலிருந்து போன் செய்கிறார்கள். தூத்துக்குடி, உவரி, குளச்சல், ராமநாதபுரம். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அண்ணே, எனக்கு சுகர் இருக்கு. மெடிக்கல்ல சொல்லணுமா? சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு சொல்லுதாவளே."

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல வேண்டும், எந்தக் காகிதத்தோடு சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செகண்ட் ஆபீசராகக் கப்பலில் இருந்தவன். சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு 3 நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். நம் ஆட்கள் போகும் பல்க் கேரியரிலும் டேங்கரிலும் இருபது, இருபத்தைந்து பேர்தான். மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசர் கையில் இருக்கும்.

ஒருமுறை தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தோம். நடுக்கடல். மதியம் மூன்று மணிக்கு என்ஜின் ரூமிலிருந்து போன்: பிட்டர் (என்ஜின் ரூமில் பழுது பார்ப்பவர்) கீழே விழுந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் இரும்புத் தளத்தில் சட்டையெல்லாம் நனைந்து கிடக்கிறார். தொட்டால் உடம்பு ஜில்லென்று இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் சுழல்கிறது, பேச்சு குழறுகிறது. சூட்டில் மயங்கியிருப்பார் என்று சீஃப் என்ஜினியர் சொன்னார். எனக்கு என்னவோ உறுத்தியது. குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தேன். 38 என்று காட்டியது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால் சர்க்கரையை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் தெளிந்து விழுங்க முடிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீர், அதன் பிறகு ரொட்டி.

அவர் கேபினில் வைட்டமின் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு, பம்ப் ரிப்பேரில் மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். ரேடியோவில் கிடைத்த டாக்டர், அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள்வரைகூட இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும், இரவெல்லாம் பக்கத்திலேயே இருங்கள் என்றார். இருந்தோம். பிழைத்தார். அடுத்த துறைமுகத்தில் சைன் ஆஃப், கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். சிகிச்சைச் செலவு கேட்டபோது, நோயை மறைத்துச் சேர்ந்தவர் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

இன்றுவரை என் மனம் ஆறாத விஷயம் வேறு. அவர் மறைத்திருக்கவே தேவையில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்கு ஃபிட் சான்றிதழே கிடைக்க வழி இருக்கிறது. ஒரு நல்ல டாக்டர் கடிதத்தோடு வந்திருந்தால் கப்பலில் எனக்கும் தெரிந்திருக்கும், சாப்பாடு பரிமாறும் மெஸ்மேனுக்கும் தெரிந்திருக்கும், நேரத்துக்குச் சாப்பாடு கீழேயே போயிருக்கும்.

கம்பெனி சொன்னதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006, நம் ஆட்கள் வாயில் எம்எல்சி. கப்பலில் நோய்வாய்ப்பட்டால் முதலாளிதான் சிகிச்சை பார்க்க வேண்டும், வேலை செய்ய முடியாத காலத்துக்குக் குறைந்தது 16 வாரம்வரை சம்பளப் பொறுப்பும் அவருக்கு உண்டு என்று அது சொல்கிறது. அதே விதி, சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு அந்தப் பொறுப்பிலிருந்து முதலாளிக்கு விலக்கு கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. மறைத்தால் உயிருக்கும் ஆபத்து, குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்துக்கும் ஆபத்து.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே சில பரிசோதனைகளை ஊரிலேயே செய்துகொள்ளுங்கள். ஆறு மாத ஜிபி ரேட்டிங் (ஆபீசர் அல்லாத மாலுமி வேலைக்கான) கோர்ஸுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு நிறக்குருடு என்று தெரிந்து திரும்பிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து டவுன் கண் ஆஸ்பத்திரியில் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அதைப் பிரித்தறிய முடியாதவர் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் (முறைக் கண்காணிப்பு) நிற்க முடியாது. நிறம் திருத்தும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வாக வழியில்லை, அதைப் போட்டால் சோதனையே செல்லாது. சர்வதேச அளவில் என்ஜின் பக்கத்துக்கு நிறப் பார்வை அளவுகோல் சற்றுத் தளர்வு. ஆகவே டெக்கா என்ஜினா என்று முடிவெடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கண் பவர் விஷயத்திலும் அப்படித்தான். டெக் கேடட் சேர்க்கையில் கண்ணாடி இல்லாமல் 6/6 கேட்பதும், என்ஜினுக்கு ஓரளவு பவர் உள்ள கண்ணாடியை ஏற்பதும் இங்கே வழக்கம். சேரப்போகும் கல்லூரியின் அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

பல்லைச் சரிபார்த்துவிடுங்கள். சொத்தைப் பல் இருந்தால் அடைத்துவிட்டு வாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பசிபிக் நடுவில் பல் வலி வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். குடலிறக்கம் இருந்தால் அறுவை செய்து ஆறிய பிறகு வாருங்கள். சிறுநீரகக் கல்லையும் தீர்த்துக்கொண்டு வாருங்கள். என்ஜின் ரூம் சூட்டில் உடம்பு நீர் வற்றிப் பழைய கல்லெல்லாம் கிளம்பும்.

இனி முக்கியமான வேலை: ஃபைல். நோய் இருக்கிறவர் வெறும் கையோடு மெடிக்கலுக்குப் போனால் டாக்டர் முன்னால் இருப்பது ஒரு கேள்விக்குறி மட்டுமே. அவர் எச்சரிக்கையாகத்தான் முடிவெடுப்பார். உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஊர் டாக்டரிடம் லெட்டர் ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். "இவருக்குச் சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் உள்ளது" என்ற ஒரு வரி போதாது. எந்த ஆண்டில் நோய் கண்டறியப்பட்டது, இப்போது சாப்பிடும் மருந்தின் வேதிப்பெயரும் அளவும், கடைசியாக மருந்தை மாற்றிய தேதி, தாழ்சர்க்கரை மயக்கம் எப்போதாவது வந்ததா, கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு உண்டா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது உண்டா, அடுத்த பரிசோதனை எப்போது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே கடைசி இரண்டு மூன்று எச்பிஏ1சி ரிப்போர்ட். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் என்பதால், மெடிக்கலுக்கு முந்தின வாரம் பட்டினி கிடந்து சமாளிக்க முடியாது. பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் காலையும் மாலையும் எடுத்த அளவுகளை இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். டாக்டரைக் கண்டதும் பிரஷர் ஏறுகிறவர்களுக்கு அந்த நோட்டு பெரிய துணை. இதய சிகிச்சை ஆனவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, டிரெட்மில் ரிப்போர்ட் அவசியம்.

மும்பையில்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு நடக்கப்போவது இரண்டு மெடிக்கல். ஒன்று சட்டப்படியானது. டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்ககம்) அங்கீகரித்த டாக்டர் மட்டுமே அதைக் கொடுக்க முடியும். 2000ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் மருத்துவப் பரிசோதனை விதிகள் இதற்கு அடிப்படை. இன்னொன்று கம்பெனியும் அதன் இன்சூரன்ஸ் கிளப்பும் (கப்பல் முதலாளிகளின் கூட்டு இன்சூரன்ஸ்) கேட்கும் வேலைக்கு முந்தைய மெடிக்கல். இரண்டாவதில் ஸ்கேன், கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை என்று பட்டியல் நீளும், அளவுகோலும் கடுமையாக இருக்கும். சட்டப்படி ஃபிட்டான ஒருவரை ஒரு கம்பெனி வேண்டாம் என்று சொல்வதுண்டு. அதனால் உங்கள் கப்பல் வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்த கம்பெனியின் அளவுகோல் வேறாக இருக்கலாம்.

அங்கீகரிக்கப்பட்ட டாக்டர்களின் பட்டியல் டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் கைகாட்டும் கிளினிக்குக்குப் போகும் முன் பெயரை அதில் தேடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் காஞ்சூர்மார்க் கிழக்கில் இருக்கும் டிஜி ஷிப்பிங் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். தாராவியிலோ கோலிவாடாவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால் சயானில் ஸ்லோ லோக்கல் ஏறுங்கள், குர்லா, காட்கோபர் தாண்டி விக்ரோலிக்கு அடுத்த ஸ்டேஷன்.

"மெடிக்கல் பாஸ் பண்ணித் தர்றேன், இத்தனை ஆயிரம் கொடு" என்று நவி மும்பையில் பேலாப்பூர் பக்கத்தில் ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும், அதையும் டிஜி ஷிப்பிங் தளத்திலேயே சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை எம்எல்சி தடை செய்கிறது. சட்டப்படியான மெடிக்கல், சிடிசி (மாலுமி அடையாளப் புத்தகம்), பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவை மட்டும்தான் நம் தலையில் வைக்கலாம். விசா செலவு முதலாளியுடையது. காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ், நடுக்கடலில் அந்த பிட்டர் விழுந்தாரே, அந்த இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

மெடிக்கல் அன்று பாஸ்போர்ட், சிடிசி, இண்டோஸ் எண் (மாலுமிப் பதிவு எண்), பழைய மெடிக்கல் சான்றிதழ், கண்ணாடி, அதன் சீட்டு, உங்கள் ஃபைல் எல்லாம் கையில் இருக்கட்டும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். காது சோதனைக்கு முந்தின நாள் இயர்போனைத் தொட வேண்டாம், இரைச்சலில் நின்ற காது தற்காலிகமாக மந்தமாகும். நல்ல காதில் 30 டெசிபல், மற்றதில் 40 என்பது சர்வதேச அளவு. நெரிசல் லோக்கலில் தொங்கி வந்து மூச்சு வாங்க பிரஷர் பார்க்க உட்காராதீர்கள். அரை மணி முன்னதாகப் போங்கள். அந்த அரை மணியில் டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள். ஊர் டாக்டர் கொடுத்த மருந்தை மெடிக்கல் அன்று காலையில் நிறுத்துவது பெரிய தவறு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதாக இருந்தால் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று முதல் நாளே உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: கம்பெனி மெடிக்கலில் போதைப்பொருள் சோதனை உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள். குருமாவில் அரைத்துவிடும் கசகசாகூட ஓபியம் வகைச் சோதனையில் பாசிட்டிவ் காட்டக்கூடும். சோதனைக்கு முந்தின சில நாள்கள் கசகசா போட்ட குருமாவும் பாயசமும் வேண்டாம்.

கேள்வித்தாளில் பழைய நோய்கள், அறுவைகள், மருந்துகள் என்று வரிசையாகக் கேட்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் வாக்குமூலம் அது. புரியாத கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள். ஏஜெண்டின் ஆள் நிரப்பிக் கொடுத்ததில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

எந்த நோய்க்கு என்ன நிலை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து மாலுமிகள் பரிசோதனைக்கு வழிகாட்டுநெறிகளை வெளியிட்டிருக்கின்றன. கீழே சொல்வது அதன்படி. கொடி நாடுகள் (கப்பல் பதிவான நாடுகள்) இதைவிட இறுக்கமாக விதி வைக்கலாம், இந்திய டாக்டர் இந்திய விதியைத்தான் பார்ப்பார்.

சர்க்கரைக்கு மாத்திரை என்றால், மருந்து தொடங்கி அளவு நிலைப்படும்வரை தற்காலிகமாக அன்ஃபிட். நிலைப்பட்டு, வேறு சிக்கல் இல்லாவிட்டால் ஃபிட். இன்சுலின் என்றால் கதை மாறுகிறது. கட்டுப்பாடு நன்றாக இருந்து, சர்க்கரை இறங்குவது தனக்கே முன்கூட்டித் தெரிகிறவர் என்றால், கரையோரக் கப்பலில், தனியாக வாட்ச் நிற்காத வேலைக்கு, குறுகிய காலச் சான்றிதழ் கிடைக்கலாம். தாழ்சர்க்கரை மயக்கம் வந்த வரலாறு இருந்தால் வாய்ப்பு இல்லை. இன்சுலின் போடுகிற தம்பிகளிடம் இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடல் வேலையை நம்பி லட்சக்கணக்கில் கோர்ஸில் போட வேண்டாம். துறைமுகம், கப்பல் பழுதுபார்க்கும் தளம், கரை அலுவலகம் என்று இதே தொழிலில் வேறு வாசல்கள் இருக்கின்றன.

பிரஷர் மேலே 160, கீழே 100 தாண்டினால் பரிசோதித்துச் சிகிச்சை தரும்வரை நிறுத்திவைப்பார்கள். மாத்திரையில் கட்டுக்குள் வந்து, தலைசுற்றல் போன்ற பக்கவிளைவு இல்லாவிட்டால் ஃபிட். நாற்பது தாண்டிய போசன்கள் (டெக் மேஸ்திரிகள்), சீஃப் குக்குகள் பலர் இப்படித்தான் கப்பலில் இருக்கிறார்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு, ஆஞ்சியோபிளாஸ்டி ஆனவருக்கு, சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கடலுக்கு இடமில்லை. அதன் பிறகும் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் உறுதிப்படுத்தினால் குறுகிய காலச் சான்றிதழோ, கட்டுப்பாடுகளோடு அனுமதியோதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக ஆழ்கடல் வேலை ஒத்துவராது. கையில் ஒரு வெட்டு விழுந்தால் நிறுத்த ஆளில்லை.

வலிப்பு விஷயத்தில்தான் விதி மிகக் கண்டிப்பு. ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் ஓராண்டு கடலுக்குப் போக முடியாது. சிகிச்சை முடிந்தும் ஓராண்டு ஆனால்தான் முழுத் தகுதி. வலிப்பு நோய் என்றே உறுதியானவர், மருந்தே இல்லாமல் பத்து ஆண்டு வலிப்பு வராமல் இருந்தால்தான் கட்டுப்பாடற்ற சான்றிதழ். சின்ன வயதில் வந்ததுதானே என்று மறைக்கிற குடும்பங்கள் உண்டு. மாஸ்ட் (கப்பலின் உயரக் கம்பம்) மேலே பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று அந்த அப்பா அம்மா யோசிக்க வேண்டும்.

காசநோய் வந்து மருந்தை முழுக் காலமும் சாப்பிட்டு முடித்தவர்கள் வெட்கப்படவோ பயப்படவோ வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்த சான்றையும் எக்ஸ்ரேயையும் காட்டினால் ஃபிட் ஆக முடியும். லேசான ஆஸ்துமாவும் அப்படித்தான், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்கிற அளவு என்றால் முடியாது. எச்ஐவி சோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

முடிவு வந்த பிறகு

சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பதவி, நிறப் பார்வை சோதித்த தேதி, வாட்ச்சுக்குத் தகுதி உண்டா, கட்டுப்பாடு ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும், 18 வயதுக்குக் கீழ் என்றால் 1 ஆண்டு. நிறப் பார்வைச் சோதனை 6 ஆண்டுவரை செல்லும். நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் ஆறு மாதம், ஓராண்டு என்று குறைத்துக் கொடுத்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தற்காலிக அன்ஃபிட் என்றால் காரணத்தையும், என்ன ரிப்போர்ட்டோடு எப்போது திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடனே வேறு கிளினிக்குக்குப் போய் இந்த முடிவை மறைத்து இன்னொரு மெடிக்கல் எடுக்க வேண்டாம். மறுக்கப்பட்டாலோ, கட்டுப்பாடு போட்டாலோ, வேறொரு சுயேச்சையான டாக்டரிடமோ மருத்துவ நடுவரிடமோ மறுபரிசோதனை கேட்கும் உரிமையை எம்எல்சி தருகிறது. சான்றிதழில் நீங்கள் போடும் கையெழுத்தே அந்த உரிமை உங்களுக்குச் சொல்லப்பட்டது என்பதற்கு அடையாளம். முதல் டாக்டரின் முடிவை மறைக்காமல், புதிய ரிப்போர்ட்டோடு நேர்வழியில் கேளுங்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகும் கப்பல் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் கேட்பார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து இருந்தால் ஊசிக்கு முன் சொல்லுங்கள்.

கப்பல் ஏறும்போது ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் மேலே இரண்டு மாதத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரிலீவர் (மாற்று ஆள்) வராமல் கப்பலில் நாள் நீள்வது எப்போதும் நடப்பதுதான். பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வையுங்கள். கடை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து வேறு டப்பாவில் போடாதீர்கள், வேதிப்பெயர் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். துபாய் வழியாக விமானம் என்றால் டிரமடால், கோடீன் போன்ற வலி, இருமல் மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அம்மா கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அமீரகத்தில் அதற்குத் தடை.

ஏறிய அன்றே கேப்டனிடமும் மருந்துப் பெட்டி பார்க்கும் ஆபீசரிடமும் உங்கள் நோயையும் மாத்திரையையும் சொல்லுங்கள். பக்கத்துக் கேபின்காரரிடமும் சொல்லுங்கள், மயங்கினால் முதலில் பார்க்கப்போவது அவர்தான். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பாய்லர் சூட் (வேலை உடை) பாக்கெட்டில் இரண்டு குளுக்கோஸ் பாக்கெட்டை எப்போதும் வைத்திருங்கள். பயணத்தின் நடுவே மெடிக்கல் சான்றிதழ் காலாவதியானால், டாக்டர் கிடைக்கும் அடுத்த துறைமுகம்வரை, அதிகபட்சம் 3 மாதம் அது செல்லும். கப்பலில் சேரும் சைன் ஆன் அன்றே காலாவதித் தேதியை உங்கள் காலண்டரில் வட்டம் போட்டு, இரண்டு மாதம் முன்னால் கேப்டனிடம் நினைவுபடுத்துங்கள்.